பசி ஜூலையும் முதல் ரொட்டியும்

அயர்லாந்தின் கிராமங்களில் ஜூலை மாதத்துக்கு 'பசி ஜூலை' என்று பெயர். 'முட்டைக்கோஸ் ஜூலை' என்றும் சொல்வார்கள். போன ஆண்டு தோண்டிக் குழிகளில் மூடிவைத்த உருளைக்கிழங்கு மே, ஜூன் மாதங்களோடு தீர்ந்துவிடும். மிஞ்சியதும் முளைவிட்டுச் சுருங்கிக் கிடக்கும். புதுக் கிழங்கு மண்ணுக்குள் இன்னும் பருத்திருக்காது. வயலில் ஓட்ஸும் பார்லியும் பச்சையாக நிற்கும். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் விளைச்சல், வீட்டிலோ உலை வைக்க ஒன்றுமில்லை. கையில் காசுள்ளவர்கள் ஓட்ஸ் மாவு வாங்கினார்கள். இல்லாதவர்கள் அதே மாவைக் கூடுதல் விலைக்குக் கடனாக வாங்கினார்கள். இரண்டுக்கும் வழியற்றவர்கள் முட்டைக்கோஸ் இலையை வேகவைத்துத் தின்று ஆகஸ்ட் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்திலும் கதை இதுதான். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய 'பியர்ஸ் ப்ளோமன்' காவியத்தில், உழவன் பியர்ஸிடம் பசி ஒரு மனிதனாக வந்து சோறு கேட்கிறது. பியர்ஸ் தன் இருப்பைக் கணக்குச் சொல்கிறான். இரண்டு பச்சைப் பாலாடைக்கட்டிகள், கொஞ்சம் தயிரும் பாலேடும், ஓர் ஓட்ஸ் அப்பம், அவரையும் தவிடும் கலந்து பிள்ளைகளுக்காகச் சுட்ட இரண்டு ரொட்டி, கொல்லையில் கொஞ்சம் கீரையும் வெங்காயத்தாளும். கோழி வாங்கக் காசில்லை. இதை வைத்துக்கொண்டுதான் லாமஸ் வரை ஓட்ட வேண்டும் என்கிறான். அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஏழையின் சமையலறையை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் பகுதிகள் ஆங்கில இலக்கியத்தில் அதிகமில்லை. லாமஸ் என்ற பெயரை அந்த உழவன் சொல்லும்போது அது ஒரு பண்டிகையின் பெயராக மட்டும் ஒலிப்பதில்லை. உயிரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர வேண்டிய கரையாகவே ஒலிக்கிறது.

ஆகஸ்ட் முதல் நாள்தான் அந்தக் கரை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அது லாமஸ். அயர்லாந்தில் லூனசா. இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், கிறித்தவத்துக்கு முந்தைய தெய்வங்களைத் தேடிப் போகும் 'பேகன்' சமயத்தார் இந்த விழாவைத் தங்கள் வீடுகளில் கொண்டாடுகிறார்கள். ரொட்டி சுட்டு, கதிர்த்தாளில் பொம்மை முடைந்து, முதல் துண்டைத் தோட்டத்து மண்ணில் வைக்கிறார்கள். இது ஐம்பது அறுபது ஆண்டு வயதுள்ள புதுக் கற்பனை என்று ஒரு சாரார் ஒதுக்குகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு மாறாமல் வந்த மரபு என்று இன்னொரு சாரார் பெருமை பேசுகிறார்கள். வரலாறு இரண்டு பேருக்கும் முழு ஆதரவு தரவில்லை. அரசர்கள் கூட்டிய பெருவிழா அழிந்தது, திருச்சபை வேறு பெயர் சூட்டியது, வயலில் இயந்திரம் வந்தது. இத்தனைக்கும் நடுவே இந்த விழா பிழைத்துக் கிடந்த இடம் ஏழைகளின் அடுப்படிதான்.

முதலில் அரசர்களின் விழாவைப் பார்த்துவிடலாம்.

அயர்லாந்தின் மீத் கவுண்டியில், நேவன் ஊருக்கும் கெல்ஸ் ஊருக்கும் நடுவே பிளாக்வாட்டர் ஆற்றங்கரையில் டெல்டவுன் என்றோர் இடம். இன்று போனால் பசும்புல்லும் மண்மேடுகளும்தான் தெரியும். இடைக்கால ஐரிஷ் நூல்களில் இதுவே நாட்டின் பெரிய திருவிழாக் களம். டால்டியூ என்ற அரசி காட்டை அழித்துக் கழனியாக்கினாள், அந்த உழைப்பின் களைப்பிலேயே உயிர்விட்டாள், அவளுடைய வளர்ப்பு மகனான லூ என்னும் தெய்வம் அவள் நினைவாக ஆண்டுதோறும் விளையாட்டு விழா எடுத்தான் என்பது அந்த நூல்கள் சொல்லும் தோற்றக் கதை. தானியத் திருவிழாவின் வேரில் ஒரு வெற்றிக் கதை இல்லை, உழைத்துத் தேய்ந்து இறந்த ஒரு தாயின் நினைவு இருக்கிறது. அயர்லாந்தின் புராணங்களிலேயே மனதை மிகவும் தொடும் கதை இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

லூவுக்கும் உழவுக்கும் உள்ள உறவை இன்னொரு கதையும் சொல்கிறது. தெய்வங்களின் மாய்துரா போரில் தோற்றுப் பிடிபட்ட ப்ரெஸ் என்ற கொடுங்கோலன் உயிர்ப்பிச்சை கேட்கிறான். எப்போது உழுவது, எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது என்ற ரகசியத்தைச் சொன்னால் விடுகிறேன் என்கிறான் லூ. மூன்றுக்கும் செவ்வாய்க்கிழமை என்று பதில் வருகிறது. ப்ரெஸ் பிழைத்துப் போகிறான். செவ்வாயில் நல்ல காரியம் தொடங்கத் தயங்கும் வாசகர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஒரு பகைவனின் உயிருக்கு ஈடாக உழவின் அறிவைக் கேட்டுப் பெற்றார்கள் என்று ஒரு சமூகம் கதை கட்டியிருக்கிறது என்றால், அந்த அறிவை அது எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தது என்பது விளங்கும்.

கிட்டத்தட்ட 900-ஆம் ஆண்டில், காஷெல் நகரின் அரசரும் ஆயருமான கார்மக் பெயரில் வழங்கும் சொல்லகராதி, லூனசாவை லூவின் விளையாட்டு விழா என்றே குறிக்கிறது. அப்போது அயர்லாந்து கிறித்தவ நாடாகி நானூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆயரின் பெயரிலுள்ள நூலில் பழைய தெய்வத்தின் விழா எந்தக் கூச்சமும் இல்லாமல் இடம்பெறுகிறது. லென்ஸ்டர் மாநிலத்தில் கார்மன் என்ற இடத்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூடிய இன்னொரு லூனசா விழாவைப் பற்றி நீண்ட பாடல் உண்டு. விழாவை ஒழுங்காக நடத்தினால் தானியமும் பாலும் மீனும் பெருகும், தவறினால் இளமையிலேயே தலை நரைக்கும் என்று அது எச்சரிக்கிறது. இந்தக் கூட்டங்களில் குதிரைப் பந்தயம் ஓடியது, வழக்குகள் பேசித் தீர்க்கப்பட்டன, சட்டங்கள் ஓதப்பட்டன, புலவர்கள் வம்ச வரலாறு பாடினார்கள், வணிகர்கள் கடை போட்டார்கள். பகை மறந்து ஆயுதம் தவிர்க்க வேண்டும் என்பது விதி.

டெல்டவுனுக்கு ஒரு சிறப்பு வழக்கமும் ஒட்டிக்கொண்டது. 1836-இல் நில அளவைத் துறைக்காக ஊர் ஊராகச் சுற்றிய ஜான் ஓடோனவன் என்ற அறிஞர் அங்கே கேட்டதை எழுதிவைத்தார். அந்த மேட்டில் ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்து மணம் செய்துகொள்ளலாம். ஓராண்டும் ஒரு நாளும் கழித்துப் பிடிக்கவில்லை என்றால் அதே இடத்துக்கு வந்து, முதுகோடு முதுகு நின்று, ஒருவர் வடக்கேயும் ஒருவர் தெற்கேயும் நடந்து பிரிந்துவிடலாம். ஓடோனவன் காலத்தில் இது ஊர் வாயில் நின்ற நினைவு மட்டுமே. 12-ஆம் நூற்றாண்டில், நார்மானியர் படையெடுப்புக்குச் சற்று முன்பு, ருவாய்ரி ஓகானர் என்ற பேரரசர் கூட்டியதோடு டெல்டவுனின் அரச விழா ஓய்ந்துபோனது. 1924-இல் புதிய ஐரிஷ் அரசு டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் 'டால்டியன் விளையாட்டு' என்று அதைப் புதுப்பித்தது. 1928, 1932 என மேலும் இரண்டு முறை நடந்து அதுவும் நின்றது. அரசுகள் எடுக்கும் விழா அரசுகளோடு போய்விடும் போலும்.

ஆனால் மக்கள் விழா ஓயவில்லை என்பதை உலகத்துக்குக் காட்டியவர் மொய்ரா மக்நீல். அவர் 1904-இல் பிறந்தவர். ஐரிஷ் மொழி மீட்புக்கான கேலிக் லீக் இயக்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஓவன் மக்நீலின் மகள். 1935-இல் தொடங்கிய ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தில் அலுவலகப் பணியில் சேர்ந்தார். 1942-இல் ஆணையம் நாடெங்கும் ஒரு கேள்வித்தாளை அனுப்பியது. கோடையின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் ஊரில் என்ன செய்வார்கள், எந்த மலைக்குப் போவார்கள், அன்று என்ன சாப்பிடுவார்கள் என்பன போன்ற எளிய கேள்விகள். பதில்கள் குவிந்தன. அவற்றோடு பழைய நூல்களையும் பயணக் குறிப்புகளையும் சேர்த்துப் பல ஆண்டுகள் உழைத்து, 1962-இல் 'லூனசா திருவிழா' என்ற பெரும் புத்தகத்தை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியே வெளியிட்டார். கிட்டத்தட்ட 200 இடங்களில் இந்த விழா ஏதோ ஒரு வடிவில் பிழைத்திருந்தது என்று அந்தப் புத்தகம் பட்டியலிட்டது. நாட்டார் வழக்காறு பற்றி 20-ஆம் நூற்றாண்டில் வந்த சிறந்த நூல்களில் ஒன்று அது. இன்று லூனசாவைப் பற்றிப் பேசும் எவரும், அறிந்தோ அறியாமலோ, மக்நீலின் தோளில் ஏறி நின்றுதான் பேசுகிறார்கள்.

அந்தப் பதில்களில் லூவின் பெயரைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. விழாவுக்கு மாலை ஞாயிறு என்று ஓர் ஊரில் பெயர், பில்பெரி ஞாயிறு என்று அடுத்த ஊரில் பெயர், குரோம் டுவ் ஞாயிறு என்று மேற்குக் கரையில் பெயர். குரோம் டுவ் என்பவன் கதைகளில், அயர்லாந்தில் கிறித்தவம் பரப்பிய புனித பாட்ரிக்கிடம் தோற்கும் பழைய தலைவன். தெய்வம் மறைந்து புனிதர் வந்துவிட்டார். நாளும் ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் செய்கை அப்படியே இருந்தது. இளைஞர்கள் கூட்டமாக மலையேறினார்கள். புதர்களில் கருநீலமாகப் பழுத்திருக்கும் பில்பெரிப் பழங்களைப் பறித்தார்கள். டொனிகால் பக்கம் ஒரு மலையில் பையன்கள் அந்தப் பழங்களைக் கோத்து வளையல் செய்து பெண்களுக்குப் போட்டுவிடுவார்கள். மலையிறங்கும் முன் அந்த வளையல்களைக் கழற்றி அங்கேயே விட்டுவிட வேண்டும். சில இடங்களில் மலையுச்சியில் பூக்களைப் புதைத்தார்கள், கோடை முடிந்தது என்பதற்கு அடையாளமாக. வெஸ்ட்மீத் பகுதியைப் பற்றி 1682-இல் எழுதிய ஹென்றி பியர்ஸ், அறுவடைக் காலத்தின் முதல் ஞாயிறன்று மாடுகளை நீரில் இறக்கி நீந்தவிடும் வழக்கத்தைக் குறித்திருக்கிறார்.

மாயோ கவுண்டியில் 764 மீட்டர் உயரமுள்ள க்ரோ பாட்ரிக் மலைக்கு ஜூலை கடைசி ஞாயிறன்று இன்றும் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. அவர்களைப் பொறுத்தவரை அது தூய கத்தோலிக்க யாத்திரை. அதன் அடியில் பழைய அறுவடை விழா இருக்கிறது என்றார் மக்நீல். கெர்ரி கவுண்டியில் கில்லார்க்ளின் ஊரில் ஆகஸ்ட் 10 முதல் 12 வரை நடக்கும் பக் சந்தையில் காட்டு ஆட்டுக்கடா ஒன்றுக்கு முடிசூட்டி மேடையேற்றுகிறார்கள். அந்தச் சந்தைக்கு 1613-இலேயே அரச ஆவணம் உண்டு. வடக்கே ஆண்ட்ரிம் கடற்கரையில் பாலிகேசில் ஊரின் லாமஸ் சந்தை ஆகஸ்ட் கடைசித் திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் கூடும். உலர்த்திய கடற்பாசியும் மஞ்சள் நிற மிட்டாயும் வாங்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை.

மலையும் சந்தையும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் மக்நீல் சேர்த்த சான்றுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி வேறு: அன்று வீட்டில் புது விளைச்சலில் முதல் சாப்பாடு. பழங்காலத்தில் அது புதுத் தானியத்தில் சுட்ட ரொட்டியாக இருந்திருக்கும். உருளைக்கிழங்கு அயர்லாந்தின் ஏழைகளுக்கு முழு உணவாகிவிட்ட பிறகு புதுக் கிழங்கு அந்த இடத்தைப் பிடித்தது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கிழங்கு, கெல்டியத் தெய்வத்தின் விழாவில் தலைமைப் படையல் ஆனது. நாட்டார் வழக்கம் எப்படி உயிர்வாழ்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். அந்த நாளுக்கு முன்பு கிழங்கைத் தோண்டுவது கேவலம், குடும்பத்தைக் கட்டிக்காக்கத் தெரியாதவன் செய்யும் காரியம். அந்த நாளில் புதுக் கிழங்கு போட முடியாமல் போனால் அதுவும் அவமானம். அன்று கிழங்கை வேகவைத்து மசித்து, நடுவில் குழி பறித்து வெண்ணெய் உருகவிட்டு, வீட்டார் எல்லோரும் வயிறு நிறையத் தின்பார்கள். கடன் மாவும் முட்டைக்கோஸும் அத்தோடு முடிந்தன.

1845-இல் அந்தக் கிழங்கையே நோய் தாக்கியது. அடுத்த ஏழு ஆண்டுகளில் பஞ்சத்திலும் காய்ச்சலிலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், மேலும் 10 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். ஆகஸ்டில் மண்ணைக் கிளறினால் கறுத்து அழுகிய கிழங்கு. எத்தனையோ மலைகளுக்குப் போக ஆளில்லாமல் போனது. லூனசாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் புராணத்துக்குக் கொடுக்கும் பக்கங்களில் ஒரு பங்கையாவது இந்தப் பஞ்சத்துக்குக் கொடுக்க வேண்டும்.

வீட்டு விழாவின் மிக அழகான பதிவு கிடைப்பது ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலிருந்து. அலெக்சாண்டர் கார்மைக்கேல் என்ற கலால்வரி அதிகாரி, வேலை நிமித்தம் அந்தத் தீவுகளில் சுற்றியபோது கேலிக் மொழி மக்களின் வேண்டுதல்களையும் சடங்குகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1900-இல் 'கார்மினா கடெலிகா' என்ற பெயரில் அவற்றை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் ஆகஸ்ட் 15, மாதா திருநாளின் சடங்கு இப்படி வருகிறது. விடியற்காலையில் வயலுக்குப் போய்ப் புதுக் கதிர்களைக் கொய்வார்கள். வெயில் படும் பாறைமேல் பரப்பிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் கையால் கசக்கி, புடைத்து, திருகையில் அரைத்து, ஆட்டுத்தோலின் மேல் வைத்துப் பிசைவார்கள். ரோவன் மரச் சுள்ளியில் தீ மூட்டி அப்பமாகச் சுடுவார்கள். குடும்பத் தலைவர் அதைப் பிட்டு முதலில் மனைவிக்கும், பிறகு மூத்தவர் தொடங்கி வயது வரிசையில் பிள்ளைகளுக்கும் கொடுப்பார். மாதாவைப் புகழ்ந்து பாடிக்கொண்டே எல்லோரும் கதிரவன் செல்லும் திசையில் தீயை வலம் வருவார்கள். கடைசியில் அவர் தணலை ஒரு சட்டியில் அள்ளி, அதில் பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டு, வீட்டையும் சில சமயம் வயலையும் மந்தையையும் சுற்றி எடுத்துச் செல்வார்.

அங்கே குருவானவர் இல்லை, கோவில் இல்லை. தாய், தந்தை, பிள்ளைகள், அடுப்பு, ஒரு சிறிய அப்பம். பெயர் மாதாவுடையது, செய்கை எவ்வளவு பழையது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. புதுநெல்லில் புதிர் எடுத்துப் பொங்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று அந்தத் தீவுக்குப் போயிருந்தால் அந்தச் சடங்குக்கு விளக்கம் கேட்டிருக்காது.

இங்கிலாந்தின் லாமஸ் தொடக்கத்திலிருந்தே ரொட்டியோடு ஒட்டியது. ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் புதுக் கோதுமையில் சுட்ட ரொட்டியைக் கோவிலுக்குக் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்கினார்கள். ஆனால் கோவிலில் வாங்கிய ஆசியை மக்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தங்கள் தேவைக்குப் பயன்படுத்தினார்கள். 11-ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில் எலியிடமிருந்து தானியத்தைக் காக்கும் வழி எழுதியிருக்கிறது. லாமஸ் அன்று ஆசீர்வதித்த ரொட்டியை நான்காகப் பிட்டு, களஞ்சியத்தின் நான்கு மூலைகளிலும் உதிர்க்க வேண்டுமாம். கிறித்தவ வழிபாடா, பழைய மந்திரமா என்று பிரித்துப் பார்க்கும் நோக்கம் அப்படிச் செய்த உழவருக்கு இருந்திருக்காது. அவருக்கு எலித் தொல்லை தீர வேண்டும். பிற்கால இங்கிலாந்தில் அறுவடை விழாவுக்குக் கதிர்க்கட்டு வடிவில் பெரிய ரொட்டி சுடும் வழக்கம் வந்தபோது, அதன் தாளில் ஏறும் ஒரு சிறிய எலியையும் மாவிலேயே செய்து ஒட்டினார்கள். இன்றும் ஒட்டுகிறார்கள்.

லாமஸ் நாளுக்கு நில உரிமையிலும் பங்குண்டு. சில புல்வெளிகளில் புல் அறுத்து முடிந்ததும் லாமஸ் அன்று வேலி திறக்கும். அது முதல் ஊர் மக்கள் அனைவரும் தங்கள் மாடுகளை அங்கே மேய்க்கலாம். லண்டனின் கிழக்கே லெய்ட்டன் சதுப்பு வெளியில், இந்த உரிமைக்குத் தடையாக ஒரு குடிநீர் நிறுவனம் தண்டவாளமும் வேலியும் போட்டது. 1892 லாமஸ் நாளன்று ஊர் மக்கள் திரண்டு போய் அவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். அந்த வெளி இன்றுவரை பொது வெளியாகவே இருக்கிறது.

1752-இல் பிரிட்டன் புதிய நாட்காட்டிக்கு மாறியபோது 11 நாட்கள் விடுபட்டன. பழைய கணக்கில் லாமஸ் ஆகஸ்ட் 12 அல்லது 13-இல் விழ வேண்டும். கோதுமை நன்றாக முற்றும் காலம் அது. புதிய ஆகஸ்ட் முதல் தேதியில் பல வயல்கள் பச்சையாகவே நின்றன. இங்கிலாந்தில் கடைசிக் கதிருக்கும் கொண்டாட்டம் உண்டு. கார்ன்வால், டெவன் பகுதிகளில் கடைசிப் பிடிக் கதிரை அறுத்ததும் மூத்த உழவர் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக் கூவுவார், மற்றவர்கள் எதிர்க்கூவல் கொடுப்பார்கள். அந்தக் கதிரைப் பொம்மையாக முடைந்து அடுத்த அறுவடை வரை வீட்டில் தொங்கவிடுவார்கள். அதே கார்ன்வாலில் மோர்வென்ஸ்டோ ஊர்ப் பங்குக் குருவான ராபர்ட் ஸ்டீஃபன் ஹாக்கர், 1843 அக்டோபர் முதல் நாள் புதுக் கோதுமை ரொட்டியோடு கோவிலில் நன்றி வழிபாடு நடத்தினார். இங்கிலாந்துக் கோவில்களில் இப்போது நடக்கும் அறுவடை விழாக்களுக்கு அது முன்மாதிரி ஆனது.

பிறகு இயந்திரம் வந்தது. அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டை கட்டும் இயந்திரத்துக்குக் கடைசிக் கதிர் என்று ஒன்று தெரியாது. குட்டையான தாள் கொண்ட புதுக் கோதுமை ரகங்களில் பொம்மை முடையவும் முடியாது. இன்று பொம்மை முடைபவர்கள் மாரிஸ் விட்ஜன் போன்ற நெடுந்தாள் ரகங்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்.

பேகன் சமயத்தின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பிரிட்டனில் சூனியத் தடுப்புச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. 1954-இல் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி 'இன்றைய சூனியம்' என்ற புத்தகத்தை வெளியிட்டு, விக்கா என்று பின்னர் பெயர்பெற்ற சமயத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அவர் மலாயாவில் நீண்ட காலம் பணியாற்றியவர். அவருடைய குழுவின் பெருநாட்கள் நான்கு; அவற்றில் ஒன்று ஆகஸ்ட் முதல் நாளுக்கு முந்தைய இரவு. 1950களின் இறுதியில் கதிரவன் திரும்பும் இரண்டு நாட்களும் பகலிரவு சமமாகும் இரண்டு நாட்களும் சேர்ந்தன. கார்ட்னரின் நண்பர் ராஸ் நிக்கல்ஸ் 1964-இல் பழங்கெல்டியப் பூசாரிகளின் பெயரால் தொடங்கிய ட்ரூயிட் அமைப்பும் எட்டு விழாக்களை ஏற்றது. 'ஆண்டுச் சக்கரம்' என்று இன்று சொல்லப்படும் வரிசை இப்படி உருவானது. பழங்கால மக்கள் எவரும் இந்த எட்டையும் ஒன்றாகக் கொண்டாடியதற்குச் சான்றில்லை என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1996-இல் வெளியான தம் நூலில் தெளிவாக நிறுவினார். பேகன் சமயத்தார் பலர் அதை மரியாதையோடு ஏற்றுக்கொண்டார்கள். அது அவர்களுடைய நேர்மைக்குப் பெருமை.

குழுவாகக் கூடிச் செய்த சடங்கை வீட்டுக்குள் கொண்டுவந்தது 1988-இல் அமெரிக்கர் ஸ்காட் கன்னிங்ஹம் எழுதிய கையேடு. குரு இல்லாமல், குழு இல்லாமல், தனி ஆள் தன் வீட்டிலேயே இந்தச் சமயத்தைப் பின்பற்றலாம் என்றது அது. அதற்குப் பிறகு லூனசா நகரத்து அடுக்குமாடிச் சமையலறைகளுக்குள் நுழைந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆகஸ்ட் குளிர்காலம் என்பதால், அங்கே பலர் பிப்ரவரி தொடக்கத்தில் கொண்டாடுகிறார்கள். 2021 மக்கள் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் என்று பதிந்தார்கள், 13,000 பேர் விக்கா என்று.

அவர்கள் வீட்டில் செய்வதைப் பார்த்தால், எது புதிது எது பழையது என்று பிரிப்பது கடினமல்ல. மேசையில் மஞ்சள், காவி நிற மெழுகுவர்த்திகள் புதிது. எட்டு ஆரச் சக்கரம் புதிது. வேண்டுதல் வாசகங்கள் அநேகமாக எல்லாமே புதிது. ஆனால் மாவு பிசைந்து ரொட்டி சுடுவதும், அதைப் பிட்டு வீட்டார் பகிர்வதும், முதல் துண்டை மண்ணுக்கோ பறவைக்கோ கொடுப்பதும், பில்பெரி பறிக்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குன்றேறுவதும் அவர்கள் கண்டுபிடித்தவை அல்ல. ஆயிரம் ஆண்டுகளாக அந்தத் தீவுகளின் ஏழை வீடுகளில் நடந்தவற்றோடு அவை நெருங்கிய உறவுடையவை. அந்த ஏழைகள் தங்களைப் பேகன் என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை, மாதாவைக் கும்பிட்டவர்கள். இந்த உண்மையை மறைத்துப் பழம்பெருமை பேச வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

விடுபட்டிருப்பது ஒன்றுதான், பசி. ஆண்டு முழுவதும் கடையில் ரொட்டி கிடைக்கும் வீட்டில் முதல் ரொட்டிக்கு அந்தப் பழைய கனம் வராது. இதை உணர்ந்த சில குடும்பங்கள் ஆகஸ்டுக்கு முன் சில வாரங்கள் ரொட்டியையோ கிழங்கையோ தவிர்க்கின்றன. சிலர் அன்று சுட்ட ரொட்டிக்கு ஈடாக உணவு வங்கிகளுக்கு மாவும் பருப்பும் கொடுக்கிறார்கள். சக்கரத்தையும் மெழுகுவர்த்தியையும்விட இந்த இரண்டும்தான் பியர்ஸ் உழவனின் லாமஸுக்கு அருகே இருக்கின்றன.

இந்த விழாவை வீட்டில் கொண்டாட நினைப்பவர்களும், அதன் கதையை அறிய விரும்பும் தமிழ் வாசகர்களும் கையேடுகளுக்கு முன் மக்நீலின் புத்தகத்தையும் கார்மைக்கேலின் தொகுதிகளையும் ஒருமுறை புரட்ட வேண்டும். நேரமிருந்தால் இன்னொன்றும் உண்டு. 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் சுமார் 5,000 பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டிகளிடம் ஊர் வழக்கங்களைக் கேட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதினார்கள். அந்தத் தொகுப்பு டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டு, 'தூஹஸ்' இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கிறது.